பள்ளியில் கேலி, மிரட்டல், சீண்டல்: கொள்கை எழுத உட்காருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பத்தொன்பது வருடமாகக் கணக்கு எடுக்கிறேன். கேலி, மிரட்டல், ஒதுக்கிவைப்பது, பாலியல் சீண்டல் இவற்றுக்கெல்லாம் எதிராக எங்கள் பள்ளியில் ஒரு கொள்கை எழுதினோம். முதல் தடவை எழுதியது படுதோல்வி. இரண்டாவது தடவை கொஞ்சம் உருப்படியாக வந்தது. அதைக் கேள்விப்பட்டு மற்றப் பள்ளி ஆசிரியர்களும் பெற்றோர்களும் கேட்கிற கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால், பதில்களை இங்கே ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன். எல்லாமே தமிழ்நாட்டுப் பள்ளிகளை மனதில் வைத்துச் சொன்னவை.

எங்கள் பள்ளியில் அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாதே, பிறகு எதற்கு இது?

நாங்களும் அதைத்தான் சொன்னோம். அப்புறம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்து, பள்ளியை மேலிருந்து பார்ப்பதுபோல வரைந்து, போகப் பயமாக இருக்கிற இடத்தில் சிவப்புப் பென்சிலால் புள்ளி வைக்கச் சொன்னோம். பெயர் எழுத வேண்டாம் என்றோம். கழிப்பறைக்குப் பின்பக்கம் ஏறக்குறைய எல்லாத் தாளிலும் சிவப்பு, அது எதிர்பார்த்ததுதான். சைக்கிள் ஸ்டாண்டும் சரி. ஆனால் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஏன் இத்தனை புள்ளி என்று எங்களுக்குப் புரியவில்லை. விசாரித்தால், மதிய இடைவேளையில் பத்தாம் வகுப்புப் பையன்கள் நாலு பேர் குழாய்த் திட்டில் உட்கார்ந்துகொண்டு, தண்ணீர் பிடிக்க வருகிற சின்னப் பிள்ளைகளை நிறுத்தி, "ஒரு பாட்டு பாடு, இல்லாட்டி பாட்டில வச்சிட்டுப் போ" என்று வருடக் கணக்காகச் செய்துகொண்டிருக்கிறார்கள். ஒரு பிள்ளை மதியம் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டது. அந்தக் குழாய்க்கும் ஸ்டாஃப் ரூம் ஜன்னலுக்கும் நடுவே முப்பது அடிகூட இருக்காது. தினமும் அந்த ஜன்னல் வழியாகத்தான் டிபன் பாக்ஸ் கழுவின தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தோம்.

வரைபடத்தை முதலில் செய்யுங்கள். கொள்கையை அப்புறம் எழுதலாம்.

கேலிக்கும் துன்புறுத்தலுக்கும் கோடு எங்கே? பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் கலாய்க்கத்தானே செய்வார்கள்?

செய்வார்கள், செய்யட்டும். கலாய்ப்பதைத் தடைசெய்யப்போனால் பள்ளியில் பேச்சே இருக்காது, உங்களையும் யாரும் மதிக்க மாட்டார்கள். இதை 1970களிலேயே ஆராயத் தொடங்கிய, நார்வேயில் வேலை பார்த்த டான் ஓல்வியூஸ் என்ற உளவியலாளர் மூன்று விஷயம் பார்க்கச் சொன்னார்: வேண்டுமென்றே செய்வதா, திரும்பத் திரும்ப நடக்கிறதா, இரண்டு பேருக்கும் நடுவே பலத்தில் ஏற்றத்தாழ்வு இருக்கிறதா. மூன்றாவதுதான் முக்கியம் என்பது என் கருத்து. பலம் என்றால் உடம்பு மட்டும் இல்லை. கூட்டம், சாதி, பணம், மார்க், வாத்தியார் பிள்ளை என்கிற அந்தஸ்து, கையில் போன் இருப்பது எல்லாமே பலம். வகுப்பில் நான் கேட்பது எளிய கேள்வி: அவன் உன்னைத் திருப்பிக் கலாய்த்தால் உனக்குக் கோபம் வருமா, அவனால் அப்படிக் கலாய்க்கவாவது முடியுமா? முடியாது என்றால் அது விளையாட்டு இல்லை.

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். திரும்பத் திரும்ப நடந்தால்தான் புகார் என்று எழுதிவிடாதீர்கள். ஒரே தடவை கழிப்பறையில் பூட்டிவைத்தாலும், ஒரே தடவை போட்டோ எடுத்துப் பரப்பினாலும் போதும்.

இணையத்தில் மாதிரி கிடைக்கிறதே, பெயரை மாற்றிப் போட்டுக்கொண்டால் ஆகாதா?

எங்கள் முதல் தோல்வியே அதுதான். பதினொரு பக்கம், அழகான மொழி, "பள்ளி எந்தவிதத் துன்புறுத்தலையும் சகித்துக்கொள்ளாது" என்று ஆரம்பம். பிரேயரில் வாசித்தோம், நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம். அடுத்த மாதமே எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். அவனை வகுப்பில் "ஒன்பது" என்று கூப்பிடுகிறார்கள். கொஞ்சம் மென்மையாகப் பேசுகிற பையன், அவ்வளவுதான். வருகைப் பதிவில் ஒன்பதாம் எண்ணைக் கூப்பிடும்போதெல்லாம் மொத்த வகுப்பும் இவனைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும், அவனுடைய எண் இருபத்தாறு. பதினொரு பக்கத்தையும் புரட்டினோம். புகார் வந்த பிறகு யார், எப்போது, என்ன செய்யவேண்டும் என்று ஒரு வரி இல்லை. எங்களுக்குத் தெரிந்த வழியில் இரண்டு வீட்டாரையும் கூப்பிட்டு ஒரே பெஞ்சில் உட்காரவைத்தோம். சாயங்கால பஸ்ஸுக்குள் விஷயம் ஊர் முழுக்க. மறுநாள் முதல் "ஒன்பது" போய் "ஒன்பது, கம்ப்ளெயின்ட்டு" என்று ஆனது. அரையாண்டுக்கு முன்பே அவன் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அவன் அப்பா கையெழுத்துப் போடும்போது எங்களைத் திட்டவில்லை, அதுதான் இன்னமும் உறுத்துகிறது. "நாங்க வந்து சொல்லாமலே இருந்திருக்கலாம் சார்" என்று மட்டும் சொன்னார்.

சரி, அப்படியானால் கொள்கையில் முதலில் எழுதவேண்டியது எது?

புகார் வந்த நேரத்திலிருந்து மறுநாள் காலை முதல் மணி அடிக்கும்வரை என்ன நடக்கும் என்பது. வரையறை, நோக்கம், முன்னுரை எல்லாம் பின்னால் வரட்டும்.

2023 ஆகஸ்ட் 9 அன்று திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவர் ஒருவர், கூடப் படிக்கிற மாணவர்களின் சாதித் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தார். ஏன் வரவில்லை என்று பள்ளியில் விசாரித்தபோது நடந்ததைச் சொன்னார். அன்று இரவே வீடு புகுந்து அவரையும், தடுக்கப்போன தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். ஏன் வரவில்லை என்று கேட்டது சரியான வேலைதான், பல பள்ளிகள் அதைக்கூடச் செய்வதில்லை. ஆனால் பிள்ளை வாய் திறந்து சொன்ன பிறகு வருகிற அந்தச் சில மணி நேரம்தான் ஆபத்தானது. எங்கள் பழைய பதினொரு பக்கத்தில் அந்த நேரத்துக்கு ஒரு வார்த்தை இல்லை, நான் பார்த்த பெரும்பாலான பள்ளிகளின் காகிதங்களிலும் இல்லை.

இப்போது எங்கள் கொள்கையின் முதல் பக்கத்தில் இருப்பது ஏறக்குறைய இதுதான்: புகாரைக் கேட்கிற ஆசிரியர் அதை அன்றே நோட்டில் எழுதுவார். பிள்ளையிடம் "இன்னைக்கு சாயங்காலம் வீட்டுக்கு எப்படிப் போவே, யார்கூடப் போவே?" என்று கேட்பார். பதில் நம்பிக்கையாக இல்லையென்றால் வீட்டுக்குப் போன் செய்து யாராவது வரும்வரை பிள்ளையைத் தனியாக அனுப்பமாட்டார். பாதுகாப்பாகப் போகும் ஏற்பாடு முடியும்வரை எதிர்த்தரப்பை விசாரிக்க மாட்டோம். விசாரிக்கும்போது புகார் சொன்னது யார் என்பதை நாமாகச் சொல்ல மாட்டோம், "ஆசிரியர்கள் கவனித்ததில்" என்றுதான் பேச்சைத் தொடங்குவோம். மிரட்டல் என்ற வார்த்தை வந்துவிட்டால், அல்லது பின்னால் ஊர்ப் பகை இருக்கிறது என்று தெரிந்தால், அன்றே காவல் நிலையத்துக்குத் தகவல் போகும், மறுநாள் பார்க்கலாம் என்பது கிடையாது. மறுநாள் காலை பிரேயருக்கு முன்பே அதே ஆசிரியர் அந்தப் பிள்ளையைப் போய்ப் பார்ப்பார். இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை கேட்பார், ஏனென்றால் முதல் வாரம் எல்லோரும் நல்லபிள்ளையாகத்தான் இருப்பார்கள்.

கைகொடுக்கச் சொல்லி, மன்னிப்புக் கேட்கவைத்து அனுப்பினால் போதாதா?

இரண்டு பேர் சமமான ஆட்கள், சண்டை போட்டுக்கொண்டார்கள் என்றால் போதும். மேலே சொன்ன ஏற்றத்தாழ்வு இருந்தால், ஸ்டாஃப் ரூமில் கைகொடுக்கிற கையை அந்தப் பிள்ளை வெளியே போய்த் தனியாகச் சந்திக்கவேண்டும். அடித்தவனையும் அடிவாங்கியவனையும் எதிரெதிரே நிறுத்தி "என்னடா நடந்துச்சு, சொல்லு" என்று கேட்பதும் இதே ரகம்தான். இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். பார்த்துக்கொண்டு நின்றவர்களிடமும் கேளுங்கள், பெரும்பாலும் உண்மை அவர்களிடம்தான் இருக்கும். பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவாகி, 2009 முதல் அந்த நாட்டுப் பள்ளிகளில் பரவலாகப் பயன்பட்ட கிவா என்ற திட்டமே வேடிக்கை பார்க்கிறவர்களைக் குறிவைத்துத்தான் கட்டப்பட்டது. சிரிக்க ஆள் இல்லையென்றால் கேலி ரொம்ப நாள் ஓடாது என்பது அதன் கணக்கு. எங்கள் பள்ளியில் ஒன்பதாம் எண்ணுக்குச் சிரிப்பு நின்றதும் அப்படித்தான். யாரையும் தண்டிக்கவில்லை. ஆசிரியர்கள் வருகைப் பதிவில் எண்ணை விட்டுவிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தோம், அவ்வளவுதான். அதை முதல் வருடமே செய்திருக்கலாம்.

தப்பு செய்தவனுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவோம் என்று எழுதலாமா?

எட்டாம் வகுப்பு முடியும்வரை முடியாது. 2009ஆம் வருடத்துக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 16ஆம் பிரிவின்படி, தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக்கூடாது. மேல் வகுப்புகளுக்கும் அதை முதல் ஆயுதமாக வைக்காதீர்கள். டி.சி. என்று எழுதிவைத்தால் என்ன ஆகும் தெரியுமா? தண்டனை அவ்வளவு பெரிது என்பதால் எந்த ஆசிரியரும் புகாரைப் பதிவே செய்ய மாட்டார், "பாவம், படிப்பு கெட்டுப்போகும்" என்று அமுக்கிவிடுவார். சின்னச் சின்னப் படிகளாக வையுங்கள்: இடம் மாற்றி உட்காரவைப்பது, இடைவேளையில் கண்காணிப்பு, பெற்றோரை வரவழைப்பது, கெடுத்த பொருளுக்கு ஈடு, ஆலோசகரிடம் அனுப்புவது, வகுப்புப் பிரிவை மாற்றுவது. பிரிவை மாற்றுவதென்றால் செய்தவனை மாற்றுங்கள். எப்போதும் அழுகிற பிள்ளையைத்தான் தூக்கி 'பி' பிரிவில் போடுகிறோம், கேட்டால் அதன் நல்லதுக்குத்தான் என்போம்.

அடிப்பதும் முட்டி போடவைப்பதும் இந்தப் பட்டியலில் வரவே கூடாது. அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடைசெய்கிறது.

சாதி என்ற வார்த்தையை எழுதியே ஆகவேண்டுமா? எழுதினால் பிரச்சினை பெரிதாகும் என்கிறார் எங்கள் செயலர்.

எழுதத்தான் வேண்டும். "எந்தவிதப் பாகுபாடும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அது யாரையும் தொடாமல் பறந்துவிடும். நாங்குநேரிக்குப் பிறகு அரசு நியமித்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் கட்டுகிற சாதி வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றித் திலகம் இவற்றைத் தடைசெய்வது, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதி அடையாளத்தை எடுப்பது, பள்ளிகளுக்கு நல அலுவலர்களை நியமிப்பது என்று நிறையப் பரிந்துரைகள் அதில் உண்டு. அரசியலாக அதைப் பற்றி ஆயிரம் சண்டை நடந்தது, அது வேறு கதை. கொள்கை எழுதுகிறவருக்கு அதில் எடுத்துக்கொள்ள விஷயம் இருக்கிறது.

கயிறு மட்டும்தான் அடையாளம் என்று நினைக்கவேண்டாம். உதவித்தொகை படிவம் வந்தால் வகுப்பில் நின்று "எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்திரிங்க" என்று சொல்கிற வழக்கம் எத்தனை பள்ளிகளில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். சொல்கிற ஆசிரியர் கெட்டவராக இருக்கமாட்டார், அவருக்கு வேலை சீக்கிரம் முடியவேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் நாற்பது பிள்ளைகளும் யார் யார் என்று பார்த்துக்கொள்கிறார்கள். இப்போது எங்கள் கொள்கையில் இதற்குத் தனி வரி உண்டு: அந்தத் தகவலை ஆபீசில் தனித்தனியாகத்தான் கேட்கவேண்டும். யார் சுத்தம் செய்வது, யார் தண்ணீர் பிடித்துவைப்பது என்பதற்கும் சுழற்சிப் பட்டியல் போட்டு ஒட்டியிருக்கிறோம்.

புகார்ப் பெட்டி வைத்தோம், ஒரு சீட்டுகூட விழவில்லையே?

எங்கே வைத்திருக்கிறீர்கள்? ஹெச்.எம். அறை வாசலில், கேமராவுக்குக் கீழே, சரியா? எங்களுடையதும் அங்கேதான் தொங்கியது. ஆறு மாதத்தில் இரண்டு மிட்டாய்க் காகிதமும் ஒரு உடைந்த ரீஃபிலும் கிடைத்தன. நூலகத்தில், புத்தகம் திருப்பிப் போடுகிற அலமாரிப் பக்கம் மாற்றிய பிறகுதான் சீட்டுகள் வந்தன, ஏனென்றால் அங்கே கையில் காகிதத்தோடு யாரும் போகலாம். அரசுப் பள்ளிகளில் "மாணவர் மனசு" என்று பெட்டி உண்டு, அதற்கும் இதே விதிதான். சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கக்கூடாது. என்று திறப்போம் என்று பெட்டி மேலேயே எழுதுங்கள், அந்த நாளில் கட்டாயம் திறந்துவிடுங்கள். பெட்டிக்குப் பக்கத்தில் குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இரண்டும் இருக்கட்டும்.

கொள்கையை யார் உட்கார்ந்து எழுதவேண்டும்?

தலைமையாசிரியரும் ஒரு டைப்பிஸ்ட்டும் எழுதினால் அது சுற்றறிக்கை. சி.பி.எஸ்.இ. 2015லேயே தன் பள்ளிகளுக்குக் குழு அமைக்கச் சொல்லி வழிகாட்டுதல் கொடுத்தது. தமிழ்நாட்டில் 2021இல் சென்னையில் ஆசிரியர் ஒருவர், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டத்தில் கைதான பிறகு, மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு எல்லாப் பள்ளிகளிலும் வேண்டும் என்று அரசு சொன்னது. அந்தக் குழு உங்கள் பள்ளியில் காகிதத்திலாவது இருக்கும், அதையே உயிர்ப்பியுங்கள். கூடவே ஆயாம்மாவையும் வேன் டிரைவரையும் உட்காரவையுங்கள். எங்கள் ஆயாம்மா சொன்னதில் பாதி எங்கள் யாருக்கும் தெரியாது. மாணவிகள் தனியாகப் பேசுகிற கூட்டம் ஒன்றும் கட்டாயம் தேவை, பையன்கள் முன்னால் அவர்கள் வாய் திறப்பதில்லை.

ஆசிரியரே செய்தால்?

பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிற ஆசிரியர் எல்லாப் பள்ளியிலும் உண்டு, "குண்டு பூசணி, போர்டுக்கு வாடி" என்பதை நகைச்சுவை என்றே அவர் நினைக்கிறார், வகுப்பும் சிரிக்கிறது. கொள்கை ஆசிரியருக்கும் பொருந்தும் என்று தெளிவாக எழுதுங்கள். ஆசிரியர் மீதான புகாரை அந்த ஆசிரியரின் நண்பர்கள் விசாரிக்காதபடி வெளி ஆள் ஒருவரைக் குழுவில் வையுங்கள். இதற்குத்தான் ஸ்டாஃப் மீட்டிங்கில் அதிக எதிர்ப்பு வரும், இரண்டு நாள் யாரும் உங்களோடு டீ குடிக்க மாட்டார்கள்.

பாலியல் சீண்டல் என்றால் நாங்களே விசாரித்து முடித்துக்கொள்ளலாமா?

கூடாது. பதினெட்டு வயதுக்குள் இருக்கிற பிள்ளை சம்பந்தப்பட்டதென்றால் 2012ஆம் வருடத்துப் போக்சோ சட்டம். தொடுவது மட்டும் இல்லை, பாலியல் எண்ணத்தோடு பேசுவது, சைகை காட்டுவது, பின்தொடர்வது, படம் காட்டுவது எல்லாம் அதில் வரும். தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்லவேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. சொல்லாமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறை, தன் கீழ் வேலை பார்க்கிறவர் செய்ததை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஒரு வருடம் வரை. முதலில் உண்மையா என்று உறுதி செய்துகொள்கிறோம் என்று ஒரு வாரம் இழுப்பதுதான் பல பள்ளிகள் மாட்டிக்கொள்கிற இடம். உறுதி செய்வது போலீஸ் வேலை. பிள்ளையை நான்கு பேர் நான்கு தடவை கதை சொல்லவைக்காதீர்கள், பெயர் எங்கேயும் வெளியே வரக்கூடாது.

பெரிய மாணவர்கள் சின்னவர்களைத் துன்புறுத்துவதற்கு இன்னொரு சட்டமும் உண்டு. 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு வந்த தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம், 1997. அதைக் கல்லூரிக்கான சட்டம் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள், ஆனால் கல்வி கொடுக்கிற நிறுவனம், விடுதி, டுடோரியல் என்று அது விரிவாகவே பேசுகிறது. புகார் வந்தும் கண்டுகொள்ளாத தலைவரை உடந்தையாக இருந்தவராகக் கருதலாம் என்கிறது. ஹாஸ்டல் வைத்திருக்கிற பள்ளிகள் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாவிலும் நடப்பது பள்ளிக்கு வெளியேதானே?

இரவு பத்து மணிக்குக் குரூப்பில் போட்ட ஸ்டிக்கருக்கு மறுநாள் காலை வகுப்பில்தான் சிரிப்பார்கள். பாதிப்பு பள்ளிக்குள் வந்தால் கொள்கையும் பொருந்தும் என்று எழுதிவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: ஆபாசமான படம் என்றால் ஆதாரத்துக்கு என்று சொல்லி ஆசிரியர் தன் போனுக்கு வாங்கி, ஹெச்.எம்.முக்கு ஃபார்வர்டு செய்து, அவர் செயலருக்கு அனுப்பி... வேண்டவே வேண்டாம். பிள்ளைகளின் ஆபாசப் படத்தைப் பகிர்வதே குற்றம். போனை அப்படியே காவல்துறையிடம் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.

"நீயும் திருப்பி அடி" என்று என் பிள்ளையிடம் சொல்லலாமா?

எல்லா அப்பாவும் சொல்கிறோம், நானும் என் மகனிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அடிக்க முடிந்திருந்தால் அவன் ஏற்கெனவே அடித்திருப்பான், நம்மிடம் சொல்லியிருக்க மாட்டான். தேதி போட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள், பள்ளிக்கு எழுத்தாகக் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

எழுதியாகிவிட்டது. வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

புகார் எண்ணிக்கை குறைந்தால் சந்தோஷப்படாதீர்கள், முதல் இரண்டு வருடம் கூடத்தான் வேண்டும். எங்கள் முதல் வருட நோட்டில் இரண்டு பக்கம்கூட நிரம்பவில்லை. கொள்கையை மாற்றிய பிறகு புது நோட்டு வாங்கவேண்டி வந்தது. நிர்வாகம் பதறியது, "பேர் கெட்டுப்போகும்" என்றார்கள், ஒரு கூட்டமே போட்டுப் புரியவைக்கவேண்டியிருந்தது. அதோடு, ஒவ்வொரு ஜூனிலும் அந்த வெள்ளைத்தாளையும் சிவப்புப் பென்சிலையும் புது ஏழாம் வகுப்புக்குக் கொடுக்கிறோம். தண்ணீர்க் குழாயில் இந்தத் தடவை இரண்டே புள்ளி. ஆனால் சில பிள்ளைகள் தாளின் ஓரத்தில், பள்ளி மதிலுக்கு வெளியே, ஒரு மினி பஸ்ஸை வரைந்து அதன் கடைசி சீட்டைச் சிவப்பாக்கியிருக்கிறார்கள். அது பள்ளி வண்டி இல்லை, தனியாருடையது. வெள்ளிக்கிழமை அந்த பஸ்ஸின் டிரைவரையும் கண்டக்டரையும் டீ சாப்பிட வரச்சொல்லியிருக்கிறோம்.